நடக்காத விபத்தின் கணக்கு

2019 மே மாதத்தில் ஒருநாள், நான்கு நாள் வெளியூர்ப் பயணம் முடிந்து நானும் என் மனைவியும் விடியற்காலையில் வீடு திரும்பினோம். பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்ததும் என் கை வழக்கம்போல விளக்கின் சுவிட்சை நோக்கிப் போயிற்று. பின்னால் வந்த மனைவி அந்தக் கையைப் பிடித்து இழுத்தார். "கேஸ் வாடை வருதுங்க, எதையும் தொடாதீங்க" என்றார். எனக்குச் சளி பிடித்திருந்தது. எந்த வாடையும் தெரியவில்லை.

அவரே இருட்டில் உள்ளே சென்று ரெகுலேட்டரை மூடினார். கதவுகளையும் சன்னல்களையும் திறந்துவிட்டு, ஒரு மணி நேரம் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். பிறகு வந்து பார்த்த மெக்கானிக், ரெகுலேட்டரோடு பொருந்தும் இடத்தில் ரப்பர் குழாய் மயிரிழை மயிரிழையாக வெடித்திருப்பதைக் காட்டினார். குழாயின் மீது அச்சிடப்பட்டிருந்த ஆண்டு 2010. ஐந்து ஆண்டுகளில் மாற்ற வேண்டிய பொருளை ஒன்பது ஆண்டுகள் வைத்திருந்தோம். ரெகுலேட்டரை மூடாமல் ஊருக்குக் கிளம்பியவனும் நான்தான். புதிய குழாயின் விலை சில நூறு ரூபாய்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். 'இடரும் நிச்சயமின்மையும்' என்பது நான் விரும்பி நடத்திய பாடம். இழப்பு நேர்வதற்கான வாய்ப்பை இழப்பின் அளவால் பெருக்கினால் எதிர்பார்க்கத்தக்க இழப்பு கிடைக்கும். தடுப்புச் செலவு அதைவிடக் குறைவாக இருந்தால் அறிவுள்ளவன் அந்தச் செலவைச் செய்வான் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிக் காட்டியிருக்கிறேன். அந்த அறிவுள்ளவன் என் சமையலறைக்குள் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை.

காரணத்தைப் பிறகு யோசித்தேன். நூற்றில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்னும் சிறிய வாய்ப்பை மனித மனம் சிறியதாகக் கொள்வதில்லை, இல்லாததாகவே கொண்டுவிடுகிறது. அதைவிட முக்கியமானது, தீத்தடுப்புச் செலவின் பலன் கண்ணுக்குத் தெரியாது என்பது. தொலைக்காட்சி வாங்கினால் படம் தெரிகிறது. குழாயை மாற்றினால் ஒன்றும் நடப்பதில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதே அதன் பலன். நடக்காத விபத்துக்கு எந்தக் குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கிலும் ஒரு பத்தி கிடையாது.

திருட்டுக்கு மட்டும் இந்த விதி பொருந்துவதில்லை. அடுத்த தெருவில் ஒரு வீட்டில் கொள்ளை போனால் ஒரே மாதத்தில் ஊர் முழுவதும் கிரில் கேட்டும், கண்காணிப்புக் கேமராவும் முளைக்கின்றன. திருட்டில் போவது நகை. தீயில் போவது உயிர். ஆனாலும் நாம் பூட்டுக்குச் செலவிடுவதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தீக்குச் செலவிடுவதில்லை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, அந்த ஓராண்டில் தீ விபத்துகளில் இறந்தோர் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். தொழிற்சாலைகளும் பட்டாசு ஆலைகளும் செய்திகளில் பெரிதாக இடம்பெற்றாலும், தீ விபத்துகள் மிகுதியாக நேர்வது குடியிருப்புகளில்தான்.

இந்த எண்ணும் முழுமையானது அன்று. 'லான்செட்' மருத்துவ இதழில் 2009-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, 2001-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் தீயால் இறந்தோர் சுமார் 1.63 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. காவல்துறைப் பதிவுகள் காட்டியதைப்போல ஏறத்தாழ ஆறு மடங்கு அது. அவர்களில் 1.06 லட்சம் பேர் பெண்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் 15 முதல் 34 வயதுக்கு உட்பட்டவர்கள்.

என் தலைமுறையினருக்கு இந்த எண்கள் வியப்பளிக்க மாட்டா. 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்ற தலைப்பைப் படிக்காமல் எங்கள் இளமைக்காலத்தில் ஒரு வாரம் கழிந்ததில்லை. அவற்றில் சில உண்மையிலேயே விபத்துகள். காற்றடிக்கும் மண்ணெண்ணெய் அடுப்பு, எரிந்துகொண்டிருக்கும்போதே ஊற்றப்பட்ட எண்ணெய், நைலான் புடவை, தரையில் உட்கார்ந்து சமைக்கும் வழக்கம் ஆகியவை ஒன்றுசேர்ந்தால் வேறென்ன நடக்கும்? சில தற்கொலைகள். சில கொலைகள். 1986-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் வரதட்சணை மரணம் குறித்த 304-பி பிரிவு சேர்க்கப்பட்டபோது, திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள் நேரும் இயற்கைக்கு மாறான மரணத்தை வரையறுக்கும் அதன் வாசகத்தில் தீக்காயம் என்ற சொல்லே முதலில் இடம்பெற்றது. 'விபத்து' என்ற சொல்லுக்குப் பின்னால் எவ்வளவோ மறைந்திருந்தது.

விபத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. தீயின் அருகே நாள்தோறும் மூன்று நான்கு மணி நேரம் நிற்பவர் ஒருவர். குழாயை மாற்றலாமா, பழைய வயரிங்கைப் பிரித்துப் போடலாமா, ஏ.சி.க்குத் தனி இணைப்பு வேண்டுமா என்று முடிவெடுப்பவர், பல வீடுகளில், இன்னொருவர். இடரைச் சுமப்பவரும் பணத்தை வைத்திருப்பவரும் வேறு வேறாக இருந்தால், தேவையான அளவு செலவு நடக்காது என்பது பொருளியலின் பழைய பாடம். ஆலை முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நாங்கள் அதைப் பொருத்திக் காட்டுவோம். வீட்டுக்குப் பொருத்திக் காட்டியதாக எனக்கு நினைவில்லை.

மண்ணெண்ணெய் அடுப்பு மறைந்து எரிவாயு வந்தது பெரிய முன்னேற்றம். தமிழகத்தில் 2006 தேர்தலுக்குப் பின் வந்த இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், மத்திய அரசு 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டமும் ஏழை வீடுகளின் புகையைக் குறைத்தன. ஆனால், தனிச் சமையலறையும் மேடையும் இல்லாத ஒற்றை அறை வீடுகளுக்குள்ளும் எரிவாயு உருளை நுழைந்தது. அடுப்பு தரையில் இருக்கிறது. உருளை அதைவிட உயரமாகப் பக்கத்தில் நிற்கிறது. அடுப்பு எப்போதும் உருளையைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி.

ஏனென்றால், சமையல் எரிவாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் அது மேலே போவதில்லை. தண்ணீரைப்போலத் தரையில் பரவி, மூலைகளிலும் மேடைக்கு அடியிலும் தேங்குகிறது. சமையலறையின் உயரத்தில் இருக்கும் காற்றுப்போக்கிச் சன்னல் அதை வெளியேற்றாது. திறந்த கதவுதான் வெளியேற்றும். உருளைக்குள் திரவமாக இருக்கும் ஒரு லிட்டர், வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரிகிறது. காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு கலந்தாலே அது தீப்பற்றத் தயார். பத்தடிக்கு எட்டடிச் சமையலறை ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அறை முழுவதையும் அந்த நிலைக்குக் கொண்டுவர, 14.2 கிலோ உருளையிலிருந்து சுமார் ஒரு கிலோ கசிந்தால் போதும். வாயு தரையோடு தேங்குவதால் அதுகூடத் தேவைப்படாது.

பிறகு வேண்டியது ஒரு பொறி மட்டுமே. விளக்கின் சுவிட்சைப் போட்டாலும் பொறி உண்டு. அணைத்தாலும் பொறி உண்டு. யாரும் தொடாமலே தானாக இயங்கித் தானாக நிற்கும் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் உண்டு. வாடை வந்தால் எக்ஸாஸ்ட் விசிறியைப் போடச் சொல்வோர் இன்னும் இருக்கிறார்கள். அதைவிட ஆபத்தான யோசனை வேறில்லை. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து, எரிவாயு அவசர உதவிக்கான 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும். அழைப்பும் வெளியிலிருந்துதான்.

இயல்பில் இந்த வாயுவுக்கு வாடையே கிடையாது. நாம் உணரும் நாற்றம் நம்மை எச்சரிப்பதற்கென்றே கலக்கப்படும் எத்தில் மெர்காப்டனுடையது. ஆனால், முதுமையில் மோப்பம் மங்குகிறது. முதியவர்கள் தனித்து வாழும் வீடுகள் பெருகிவிட்ட நம் ஊர்களில், கசிவை ஒலியெழுப்பிக் காட்டும் கருவி ஒன்றைத் தரைக்கு அருகே பொருத்துவது ஆடம்பரமன்று. பால் பொங்கித் தீயை அணைத்துவிட, அடுப்பு மட்டும் வாயுவைக் கக்கிக்கொண்டிருப்பதே பல விபத்துகளின் தொடக்கம். தீ அணைந்ததும் தானே வாயுவை நிறுத்தும் அமைப்பு வெளிநாடுகளில் பரவலாக உண்டு; நம் வீட்டு அடுப்புகள் பெரும்பாலானவற்றில் இல்லை.

உருளையின் கழுத்துக்கு அருகே உள்ள உலோகப் பட்டையின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் ஈரிலக்க ஆண்டும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஜூன் வரை, சி செப்டம்பர் வரை, டி டிசம்பர் வரை. 'பி-27' என்றிருந்தால், 2027 ஜூன் முடிவதற்குள் அந்த உருளை மீண்டும் சோதனைக்குச் செல்ல வேண்டும் என்று பொருள். பலர் நினைப்பதுபோல அது வாயு காலாவதியாகும் தேதியன்று. கலத்தின் சோதனைத் தேதி. தேதி கடந்த உருளையை வாங்க மறுக்க நமக்கு உரிமை உண்டு.

மின்சாரத்துக்கு வருவோம். தீ விபத்துச் செய்திகளில் 'மின்கசிவே காரணம் என முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது' என்ற வாக்கியம் தவறாமல் இடம்பெறும். மூன்று வெவ்வேறு நோய்களுக்கு நாம் இட்டிருக்கும் ஒரே பெயர் இது. கம்பி தாங்கும் அளவுக்கு மேல் மின்னோட்டம் செல்வது ஒன்று. இரு கம்பிகள் நேரடியாகத் தொட்டுக்கொள்வது மற்றொன்று. மின்சாரம் வழிதவறி ஈரச் சுவர் வழியாகவோ மனித உடல் வழியாகவோ நிலத்துக்குச் செல்வது மூன்றாவது. மூன்றாவதே உண்மையான கசிவு. முதல் இரண்டுக்கும் எம்சிபி காவல். மூன்றாவதற்கு ஆர்சிசிபி என்னும் கருவி வேண்டும். முதலாவதை வைத்திருக்கும் வீடுகளில் பல, இரண்டாவதை வைத்திருப்பதில்லை.

நம் வீடுகளில் முதல் நோயே பரவலானது. 1980-களில் கட்டப்பட்ட ஒரு நடுத்தர வீடு இரண்டு மின்விசிறி, நான்கு குழல்விளக்கு, ஒரு வானொலிப் பெட்டிக்காகக் கம்பியிடப்பட்டது. அதே கம்பிகளின் தலையில் இன்று ஏ.சி., வாட்டர் ஹீட்டர், துணி துவைக்கும் இயந்திரம், இண்டக்ஷன் அடுப்பு எல்லாம் ஏறியிருக்கின்றன. கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. சுவருக்குள் இருக்கும் கம்பியின் உறை சிறிது சிறிதாகக் காய்ந்து உதிர்வது வெளியே தெரிவதில்லை. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவிடுவதும், எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று பெரிய அளவுக்கு மாற்றிவிடுவதும், குரைக்கும் நாயின் வாயைக் கட்டிவிட்டுத் தூங்கப் போவதற்கு ஒப்பாகும். சூடான பிளக்கும், நிறம் மாறிய சுவிட்சும், மீன் நாற்றம்போல வரும் நெகிழி வாடையும் அந்த நாயின் முனகல்கள்.

இவற்றோடு இப்போது மின்கல வாகனமும் சேர்ந்திருக்கிறது. 2022 மார்ச் மாதம் வேலூரில், இரவில் சார்ஜ் ஏற்றுவதற்காக வீட்டில் வைக்கப்பட்ட மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியதில் ஒரு தந்தையும் அவருடைய மகளும் உயிரிழந்தனர். புகையே அவர்களைக் கொன்றது. அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் நேர்ந்த இத்தகைய விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு மின்கலங்களுக்கான தரவிதிகளைக் கடுமையாக்கியது. வாகனத்தை எங்கே நிறுத்துவது என்பது மட்டும் நம் கையில்தான் இருக்கிறது. வீட்டுக்கு ஒரே ஒரு வாசல் இருந்து, அந்த வாசலிலோ மாடிப்படிக்கு அடியிலோ இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றினால், தீ முதலில் அடைப்பது நம் வெளியேறும் வழியை.

திருட்டுக்கு அஞ்சி நாம் எழுப்பிய கோட்டை குறுக்கே நிற்பதும் இங்கேதான். எல்லாச் சன்னல்களிலும் இரும்புக் கம்பி. மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு. வாசல் கிரில் கேட்டுக்கு உள்ளே ஒரு பூட்டு. சாவி யாருடைய தலையணைக்கு அடியில் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. தீ விபத்துகளில் பலர் சாவது தழலால் அன்று. கரும்புகையாலும் அதிலுள்ள கார்பன் மோனாக்சைடாலும். எரிவாயு தரையில் தேங்கும்; புகையோ கூரையில் தொடங்கிக் கீழே இறங்கும். எனவே, புகைக்குள் தவழ்ந்து செல்ல வேண்டும். ஆனால், இருட்டில், இருமிக்கொண்டு, தவழ்ந்து வந்தவர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தால் என்ன பயன்? ஒரு படுக்கையறைச் சன்னலின் கம்பியையாவது உள்ளிருந்து திறக்கும் கீல் வைத்துச் செய்யும்படி கொல்லரிடம் சொல்வதற்குக் கூடுதலாக ஆகும் செலவு அற்பம். வீடு கட்டுவோரில் எத்தனை பேர் கேட்கிறார்கள்? புகையைக் கண்டு ஒலிக்கும் கருவியும் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. அதைச் சமையலறையில் மாட்டிவிடக் கூடாது. மிளகாய் தாளிக்கும் ஒவ்வொரு முறையும் அது அலறும், மூன்றாம் நாள் நாமே கழற்றி வைத்துவிடுவோம். படுக்கையறைக்கு வெளியே கூடத்தில் மாட்டலாம்.

2004-ஆம் ஆண்டைத் தமிழகம் மறக்க முடியாது. ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தல் எரிந்து மணமகன் உள்ளிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் எரிந்து 94 குழந்தைகள் பலியாயினர். அதன் பிறகு பள்ளிகளின் கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டன. 2009-இல் உச்சநீதிமன்றம் நாட்டின் எல்லாப் பள்ளிகளுக்கும் தீப்பாதுகாப்பு நெறிகளை வகுத்தது. மண்டபங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் உயரமான அடுக்ககங்களுக்கும் சான்றிதழ் வேண்டும். தனி வீட்டுக்கு ஆய்வாளர் கிடையாது, இருக்கவும் முடியாது. அதனால் அந்த வேலை வீட்டில் உள்ளவர்களுடையதாகிறது. கூரை வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவிலோ அது ஒரு வீட்டின் வேலையாகக்கூட இருப்பதில்லை. ஒருவர் வீட்டுப் பொறி கோடைக்காற்றில் இருபது குடும்பங்களை வீதிக்குக் கொண்டுவருகிறது. அங்கே கான்கிரீட் கூரை என்பது அரசு தரும் சலுகையன்று, தெருவுக்கே செய்யும் தீத்தடுப்பு.

இழப்பீட்டைப் பற்றி நம்மவர்களுக்குத் தெரிந்தது மிகக் குறைவு. எரிவாயு விபத்துக்கு ஐம்பது லட்சம் கிடைக்கும் என்று கைப்பேசியில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துள்ள காப்பீட்டின்படி, உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய். மருத்துவச் செலவு ஒருவருக்கு அதிகபட்சம் 2 லட்சம், ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சம். வாடிக்கையாளரின் பதிவுபெற்ற முகவரியில் சொத்துச் சேதத்துக்கு அதிகபட்சம் 2 லட்சம். இதற்குத் தனிப் பிரீமியம் கிடையாது. ஆனால், விநியோகஸ்தருக்கு உடனே எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். வீடு மாறியபின் முகவரியை மாற்றாதவர்கள் 'பதிவுபெற்ற முகவரி' என்ற சொற்களை மீண்டும் ஒருமுறை படிக்கலாம்.

வீட்டுக்கான காப்பீடு வேறு. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே வடிவிலான பாலிசியை வழங்குகின்றன. கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தால் அந்தத் தொகையில் 20 விழுக்காடு, 10 லட்சத்துக்கு மிகாமல், வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே சேர்ந்துவிடும். வாடகைக்குக் குடியிருப்பவர் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம். மதிப்பிட வேண்டியது மனையின் சந்தை விலையை அன்று. கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவை. மனை எரிவதில்லை. ஒரு சாதாரண வீட்டுக்கு ஆண்டுப் பிரீமியம் ஓரிரு எரிவாயு உருளைகளின் விலைக்குள் அடங்கிவிடும். வங்கிக் கடனுக்காகக் கட்டாயத்தின் பேரில் எடுத்தவர்கள், கடன் முடிந்த கையோடு இதையும் விட்டுவிடுகிறார்கள். வீடு முழுவதும் தங்களுடையதாகும் நாளில் அதன் காப்பை நிறுத்துவது விந்தையான பொருளாதாரம்.

எவ்வளவு காப்பீடு இருந்தாலும் முதல் இரண்டு நிமிடங்கள் நம்முடையவைதான். வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது; தரையில் புரள வேண்டும். தீப்புண் மீது இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓட வேண்டும். பேனா மையும், பற்பசையும், இட்லி மாவும் மருத்துவரின் வேலையைக் கடினமாக்குவதைத் தவிர எதையும் செய்வதில்லை.

எரிவாயு நிறுவனங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வீடுதோறும் ஆய்வுக்கு ஆள் அனுப்புகின்றன. வாசலிலேயே கையொப்பமிட்டு அனுப்பிவிடுவது பல வீடுகளில் வழக்கம். எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கமாக இருந்தது. 2024-இல் ஆள் வந்தபோது நான் பேனாவை எடுத்தேன். என் மனைவி, "உள்ள வாங்க தம்பி, அடுப்ப நகர்த்திப் பாருங்க" என்றார். மேடைக்குப் பின்னால் அடுப்பின் கால் குழாயை அழுத்திக்கொண்டிருந்தது. குழாயை மாற்றி, அடுப்பைத் தள்ளி வைத்துவிட்டுப் போனார் அந்த இளைஞர். அடுத்து மாற்ற வேண்டிய தேதியைச் சமையலறைச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார் மனைவி: 2029 மே.